ஒன்பதரைக்கு எடுக்கிறோம்

ஓட்டுநர் பள்ளிக்குக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. வைத்தது யார் என்று தெரியாது. காரணம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். தெரியாதவர் ஓட்ட, தெரிந்தவர் நிறுத்த என்று செய்துவைத்த ஏற்பாடு. அக்கா தன் உழைக்கும் வயதை முழுக்க அந்தப் பக்கத்து இருக்கையில்தான் செலவழித்தார். நாய் குறுக்கே வந்தால் நிறுத்துவார். எதிரே லாரி தெரிந்தால் நிறுத்துவார். ஓட்டுகிறவர் மனதில் தப்பு செய்யலாமா என்று ஓர் எண்ணம் ஓடினால்கூட அக்காவின் கால் இறங்கிவிடும் என்று கிண்டல் உண்டு.

கால் ஒரு பக்கம் என்றால் வாய் ஒரு பக்கம். அந்த வாயில் பாதி நாள் ஒரே சொல்தான். "வண்டிய எடு. மெதுவா எடு. என்ன முழிக்கிற, எடு எடு." வீட்டிலும் அதே பேச்சு. கணவரைக் கடைக்குக் கிளப்புவதானாலும் "எடுக்கலாமா?" என்றுதான் கேட்பார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அந்த மனிதர், "என்னைய எடுக்கறதுக்கு இன்னும் நாள் இருக்குடி, நான் நடந்தே போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொள்வார்.

மகளுக்கு மட்டும் அக்காவால் ஓட்டக் கற்றுக்கொடுக்க முடியவில்லை. நாலாவது நாளே அவள் சாவியை அம்மா மடியில் போட்டுவிட்டு இறங்கினாள். "நீ பக்கத்துல உக்காந்தா, ஓட்டறது நானா நீயான்னே தெரியலம்மா." பிறகு வேறொரு பள்ளியில் பணம் கட்டிக் கற்றுக்கொண்டாள். ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவருக்கு இதைவிட வேறு அவமானம் வேண்டுமா? அக்கா அதை வெளியே சொல்வதில்லை. ஆனால் சில நேரம் யோசிப்பார். நிறுத்தத் தெரிந்த அளவுக்கு விடத் தெரியவில்லையோ என்று.

அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அந்த மகள்தான். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஓட்டுநர் பள்ளியை இன்னொருவர் வாங்கி, புது வண்டிகள் வந்து, பழைய பயிற்சி வண்டி ஒன்றோடு அக்கா வீட்டுக்கு வந்தபோது, போனில் யோசனை சொன்னவளும் அவள்தான். "சும்மா வீட்ல உக்காந்து அப்பாவ நிறுத்திட்டே இருக்காத. அந்த வண்டிய வச்சு யாருக்காவது உதவியா ஓட்டு. நூலகத்துப் பின்னாடி துணைவண்டின்னு ஒண்ணு நடத்தறாங்களாம், போய்க் கேளு."

இரண்டாவது பிரேக்கைக் கழற்றியாகிவிட்டது. அது இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. அதை மறைக்க ரப்பர் விரிப்பு போட்டு, அக்கா முதல்முறையாக ஓட்டுகிற இருக்கையில் நிரந்தரமாக உட்கார்ந்தார்.

துணைவண்டி என்பது பெரிய அமைப்பு ஒன்றுமில்லை. நூலகத்தின் பின்னறை ஒன்று, அதில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி. மேசைக்குப் பின்னால் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் சிலர் வாரத்தில் சில நாள் நேரம் கொடுப்பார்கள். தனியாக வெளியே போய்வர முடியாத, அறுபத்தைந்து தாண்டியவர்களை மருத்துவமனைக்கோ வங்கிக்கோ பழைய சிநேகிதர் வீட்டுக்கோ கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். காசு கிடையாது. சிஸ்டர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வது ஒன்றே ஒன்று: "வண்டிதான் நம்மளது, குடும்பம் அவங்களது. கதவு வரைக்கும் போங்க. கதவுக்கு உள்ள மூக்க நுழைக்காதீங்க."

போகப் போக அக்காவுக்கு ஒன்று புரிந்தது. இவர்களில் பலருக்குப் போகிற இடம் முக்கியமில்லை. பல் மருத்துவரிடம் போகவேண்டும் என்று வண்டி கேட்ட ஒரு பாட்டியம்மாவுக்குப் பல்லே கிடையாது. "ஈறு வலிக்குது" என்றார் அவர், கண்ணாடி வழியாகக் கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டே. திரும்பும்போது, "அந்தப் புதுக் கடை இருக்கிற தெரு வழியாப் போயேன், அதுக்குப் பேரு என்னன்னு பாப்போம்" என்றார். அக்கா சுற்றிக்கொண்டு போனார். அதை உதவி என்று சொல்வதா, ஊர் சுற்றுவது என்று சொல்வதா? இருவருக்கும் அது தேவையாக இருந்தது என்பதுதான் அக்காவைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியது. தான் கொடுக்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தப்பித்து வந்தவளோ என்று இப்போது தோன்றியது.

அப்படி வந்து ஏறியவர்களில் ஒருவர்தான் புரூஃப் சார். அச்சகத்தில் எழுத்துப்பிழை திருத்தியே தலை நரைத்தவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, இடது கண்ணில் முழுக்கப் பனி மூடிவிட்டது. வலது கண்ணால் பெரிய எழுத்தை மட்டும் மூக்கில் ஒட்டிவைத்துப் படிப்பார். கடைப் பலகைகள் வண்டிக்கு வெளியே நகரும்போது, "அது என்ன போட்டிருக்கான்? ஒற்று விட்டுட்டானா?" என்று அக்காவைக் கேட்பார். ஒற்று என்றால் என்ன என்று அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தோடு மறந்துபோயிற்று. "ஆமா சார், விட்டுட்டான்" என்று சொல்லிவைப்பார். சாருக்கு அதில் ஒரு திருப்தி.

முதல் நாள் இறக்கிவிட்டபோது அக்கா கேட்டார்: "அடுத்த வாரம் எத்தனை மணிக்கு சார் எடுக்கலாம்?"

"என்னையா? கொஞ்ச நாள் போகட்டுமேம்மா."

அக்காவுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உயிரோட இருக்கறவங்கள கூட்டிட்டுப் போவாங்க," என்றார் சார். "எடுக்கறது வேற ஆளை. வண்டியச் சொல்லலாம், மனுஷனச் சொல்லக்கூடாது."

"பழகிப்போச்சு சார். வாயில அதுதான் வருது."

"பழகின தப்புதான் கண்ணுக்குத் தெரியாது," என்றார் சார். ஒரு வாரம் அக்கா கவனமாக இருந்தார். பிறகு மறந்துபோயிற்று.

இடது கண்ணுக்கு அறுவை சிகிச்சை என்று கடைசியில் தேதி கிடைத்தது. மாதக்கணக்கில் வரிசையில் இருந்து கிடைத்த தேதி. மருத்துவமனையில் ஒரே நிபந்தனை: சொந்தக்காரர் ஒருவர் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு முழுக்கப் பக்கத்தில் இருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான். துணைவண்டிக்காரர்கள் கையெழுத்துப் போடக்கூடாது என்பது சிஸ்டரின் சட்டம்.

"யார் சார் வர்றாங்க கூட?" என்று சிஸ்டர் கேட்டபோது புரூஃப் சார் தயங்கவே இல்லை. "தம்பி வருவான். அவன் பாத்துக்குவான்." எண்ணையும் மனப்பாடமாகச் சொன்னார்.

முந்தின நாள் மாலை, ஞாபகப்படுத்துவதற்காக அக்கா சாரைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. போனை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பார். சரி, கூட வருகிறவரிடமே சொல்லிவிடலாம் என்று தம்பியின் எண்ணுக்கு அடித்தார். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். காற்று அடிக்கும் சத்தம், இரும்பு விழும் சத்தம். டயர்க்கடை போலிருந்தது.

"யாரு?"

"துணைவண்டியிலேர்ந்து பேசறேங்க. அச்சகத்துல வேலை பாத்தாரே, அவரோட தம்பிங்களா?"

கையைக் காட்டி யாரையோ நிறுத்தச் சொன்னதுபோல் இரைச்சல் அடங்கியது. "எந்த வண்டி?"

"உங்க அண்ணனுக்கு நாங்கதாங்க வண்டி. நாளைக்குக் காலைல ஒன்பதரைக்கு எடுக்கறோம்."

அந்தப் பக்கம் இரும்பு ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

"ஹலோ, கேக்குதுங்களா? ஒன்பதரை. லேட் பண்ண முடியாது, அங்க நமக்காகக் காத்துட்டிருக்க மாட்டாங்க. சார் போன வாரமே சொல்லி வச்சிட்டாரு, தம்பி வருவான்னு. எதுக்கும் ஒரு தடவ சொல்லிடலாம்னுதான்."

"அவரு சொன்னாரா?"

"ஆமாங்க. தம்பி வருவான், அவன் பாத்துக்குவான்னு."

நாற்காலி ஒன்றை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் வர்றதுக்கு முன்னாடி எடுத்துடாதீங்க" என்றது அந்தக் குரல்.

"அதெப்படிங்க? நீங்க இல்லாம எடுக்கவே முடியாது" என்றார் அக்கா. போனை வைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னார்: "பாவம், அண்ணன் மேல எவ்வளவு பாசம். ஜலதோஷம்போல, குரலே சரியில்ல."

மறுநாள் ஒன்பது மணி தாண்டி அக்கா சாரின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, பின்னாலேயே ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து அறுபது தாண்டிய ஒருவர் இறங்கினார். கசங்கின சட்டை, நகக்கண்ணில் கறுப்பு. கையில் ஒரு மலர்வளையம். வாடகை வண்டி போய்விட்டது. அவர் தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். ஒரு நாற்காலி இல்லை, ஒரு செருப்பு இல்லை. எதிர்வீட்டில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கதான் வண்டியா?" என்றார்.

"நாங்கதாங்க. நேரத்துக்கு வந்துட்டீங்களே, நல்லதாப் போச்சு."

அவர் அக்காவின் சின்ன வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "இதுலயா?"

"முன் சீட்ட முன்னால தள்ளிடலாங்க. பின்னால காலை நல்லா நீட்டிக்குவாரு."

அவர் அக்காவை ஒரு மாதிரி பார்த்தார். "யாருமே வரலையே?"

"வேற யாரு வரணும்? நீங்க வந்தாப் போதும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் கண் மலர்வளையத்தின் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் பூ கொண்டுவருவது சிலருக்கு வழக்கம்தான். ஆனால் வட்டமாகவா கொண்டுவருவார்கள்?

அப்போது கதவு திறந்தது. தலையைப் படிய வாரி, சலவைச் சட்டையோடு புரூஃப் சார் வெளியே வந்தார். "யாரும்மா, யார்கூடப் பேசறீங்க?"

வந்தவரின் கையிலிருந்து மலர்வளையம் நழுவி, படியில் உருண்டு, சாரின் காலடியில் போய் விழுந்தது. சார் குனிந்து தடவி எடுத்தார். நிறம் தெரிந்திருக்கும், என்னவென்று தெரிந்திருக்காது. குறுக்கே ஓடிய நாடாவை வலது கண்ணுக்குப் பக்கத்தில், மூக்கில் ஒட்டக் கொண்டுபோனார்.

"ஆழ்ந்த... இறங்கல்." உதட்டைச் சுழித்தார். "றகரம் தப்பு. வல்லினம் போட்டுட்டான். இது வண்டியிலேர்ந்து இறங்கறதுக்குப் போடற எழுத்து. இரங்கல்னா சின்ன ர. யார் வாங்கினது இத?"

"நான்தான்," என்றார் வந்தவர்.

முகம் தெரியவில்லை. குரல் போதுமாக இருந்தது. சார் நாடாவைக் கீழே இறக்கினார். எழுத்தைத் திருத்தியவருக்கு அது என்ன பொருள் என்பது அப்போதுதான் எட்டியிருக்க வேண்டும்.

"எனக்கா?" என்றார் மெதுவாக.

"வேற யாருக்கு?" தம்பியின் குரல் கிழிந்தது. "செத்துட்டேன்னு சொல்லி வரவழைக்கறியா? விடிய விடிய பஸ்ல நின்னுட்டு வந்திருக்கேன். இப்படியா ஒரு மனுஷன் பொய் சொல்லுவான்?"

"நான் ஒண்ணும் சொல்லலையேடா..."

"சார் சொல்லலைங்க." அக்கா இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். எடுத்துடாதீங்க என்று அடைத்த குரல் இப்போது சரியாகக் காதில் விழுந்தது. "நான்தான் சொன்னேன். ஒன்பதரைக்கு எடுக்கறோம்னு. வண்டி எடுக்கறதச் சொன்னேங்க. கண் ஆபரேஷனுக்கு. எங்க தொழில் பேச்சு அது. உங்கள ராத்திரி முழுக்க அழவிட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று தம்பியின் முகத்தில் வந்து போயிற்று. பிறகு அது இறுகியது.

"நான் வருவேன்னு இவரு சொன்னாராமே. கேட்டாரா என்னை? பதினோரு வருஷமா ஒரு வார்த்தை கேட்டாரா?" அண்ணனை விட்டுவிட்டு அக்காவிடமே பேசினார், நியாயம் சொல்ல வேண்டியவர் அக்காதான் என்பதுபோல. "எங்க அம்மா போனப்ப நான் தூரத்துல இருந்தேன். வழியெல்லாம் போன் பண்ணிட்டே வந்தேன். வந்துட்டிருக்கேன், ஒரு மணி நேரம் நிறுத்தி வைங்கன்னு. வந்து சேந்தப்ப இங்க நாற்காலிய அடுக்கிட்டிருந்தாங்க. நான் அம்மா முகத்தப் பாக்கல. நாற்காலியத்தான் பாத்தேன். நேத்து நீங்க எடுக்கறோம்னு சொன்னதும், இவரையும் நான் வர்றதுக்கு முன்னாடி எடுத்துடுவானுங்கன்னு நினைச்சு ஓடி வந்தேன்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செத்த ஆளப் பாக்க வந்தேன். சாகாத ஆளோட எனக்கு என்ன பேச்சு?"

திரும்பி நடந்தார். தெருமுனையில், பூட்டியிருந்த ஒரு கடையின் முன்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பேருந்துக்கு நிற்கிறாரா, போக இடம் தெரியாமல் நிற்கிறாரா என்று தெரியவில்லை.

அக்கா மலர்வளையத்தை எடுத்து வண்டியின் பின்பெட்டியில் வைத்தார். அதை வாசலில் கிடக்கவிட மனம் வரவில்லை. சாரைக் கையைப் பிடித்துப் பின்சீட்டில் உட்காரவைத்தார். எஞ்சினை முடுக்கினார்.

"சார், அவர நீங்க கூப்பிடவே இல்லையா?"

"நாலு தடவ நம்பர் போட்டேன். நாலு தடவயும் மணி அடிக்கறதுக்கு முன்னாடி வச்சிட்டேன்."

"அப்புறம் எந்த தைரியத்துல சிஸ்டர்கிட்ட வருவான்னு சொன்னீங்க?"

"வேற யார் பேரச் சொல்றது?" என்றார் சார். பிறகு, யாரும் கேட்காமலே: "அன்னைக்கு எல்லாரும் நேரமாச்சு நேரமாச்சுன்னாங்க. நானும் தலையாட்டிட்டேன். தலையாட்டினதுதான். வேற ஒண்ணும் செய்யல."

ஒன்பதரை ஆயிற்று. அக்காவுக்குக் கால் பரபரத்தது. இறங்கிப் போய் அந்த மனிதரின் கையைப் பிடித்து இழுத்து வரலாம். நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லலாம். கற்றுக்கொள்ள வந்தவர்கள் சுவரை நோக்கி வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அக்காவின் கால் எப்படிப் பாயுமோ, அப்படி மனம் பாய்ந்தது. கதவுக்கு உள்ளே மூக்கை நுழைக்காதே என்பது சிஸ்டரின் சட்டம். ஆனால் நுழைத்தாயிற்றே, நேற்றே, ஒரு சொல்லில். இனி நுழைப்பதா, விலகுவதா? எது சரி என்று உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சார், நேரமாச்சு. போலாமா? அங்க போய் எப்படியாவது கெஞ்சிப் பாப்போம்."

"இரும்மா."

"லேட்டானா திருப்பி அனுப்பிடுவாங்க சார். மறுபடி எத்தனை மாசமோ. அந்தக் கண்ணு தாங்குமா?"

"அனுப்பட்டும்," என்றார் புரூஃப் சார். "அவன் வரட்டும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா இங்கயே உக்காந்திருப்போம்."

பின்கண்ணாடியில் அக்கா அவரைப் பார்த்தார். கண்ணைத் தெருமுனைப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அங்கே அவருக்கு எதுவும் தெரிய வழியில்லை. வெளிச்சம் மட்டும் தெரிந்திருக்கும். எழுத்தைப் படிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லாத மனிதர், அந்த ஆசையைக் கையிலிருந்து கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். பேருந்து ஒன்று வந்தது. நின்றது. போயிற்று. தம்பி ஏறவில்லை.

பேருந்து போன பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். வண்டி இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சண்டைக்கு வருகிறவரைப்போல் வேகமாக நடந்து வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஏன் இன்னும் போகல? ஒன்பதரைக்குன்னு சொன்னீங்க?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. அது அவருக்கு அன்றைக்கு நடந்த மிகக் கஷ்டமான காரியம்.

"நீ வரல," என்றார் சார், பின்சீட்டிலிருந்து.

தம்பி முன்கதவைத் திறந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணன் பக்கம் திரும்பவில்லை. "டயர்ல காத்து கம்மியா இருக்கு," என்றார் அக்காவிடம். "பின் டயர். இதையெல்லாம் பாக்கறதில்லையா நீங்க?"

ஒரு திருப்பத்தில் தம்பியின் வலது கால் ரப்பர் விரிப்பை அழுத்துவதை அக்கா கவனித்தார். இல்லாத பிரேக்கை அழுத்துகிற மனிதரை அவர் பார்ப்பது இதுதான் முதல் முறை. தன் மகள் பக்கத்தில் இப்படித்தான் தான் இருந்திருப்போம் என்று நினைத்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நிதானமாகவே ஓட்டினார்.

மருத்துவமனையில் தாமதத்துக்கு நல்ல வசவு கிடைத்தது. "உங்களுக்காக டாக்டர் கத்தியப் பிடிச்சிட்டு நிக்கணுமா?" என்றார் அந்தப் பகுதிச் செவிலியர். ஆனால் பட்டியலில் இருந்த ஒருவருக்குச் சர்க்கரை ஏறியிருந்ததால் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். "கடைசி ஆளாப் போட்டுக்கறேன். கூட வந்தது யாரு?"

அக்கா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சார் வெறும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்," என்றார் தம்பி.

"நீங்க என்ன வேணும் அவருக்கு?"

"கூடப் பொறந்தவன். எங்க கையெழுத்துப் போடணும்?"

வெளியே வந்து அக்கா சிஸ்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். அந்தப் பக்கம் அடக்க முடியாத சிரிப்பு. பிறகு சிஸ்டர் குரலை மாற்றிக்கொண்டு, "சிரிக்கற விஷயம் இல்ல. அந்த மனுஷனுக்கு நெஞ்சு வலி வந்திருந்தா?" என்றார்.

"தெரியும் சிஸ்டர்."

அதுதான் அக்காவை நாள் முழுக்க அரித்தது. நல்லபடியாக முடிந்தால் தப்பு தப்பில்லை என்று ஆகிவிடுமா? கணவர் ஆகிவிடும் என்றார். "நீ வேணும்னே சொல்லியிருந்தாகூட இவ்வளவு சரியா அமைஞ்சிருக்காதுடி." அக்காவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. பஸ்ஸில் ஒரு மனிதர் ராத்திரி முழுக்க நின்றிருக்கிறார். உட்கார இடம் கிடைக்காமல் நின்றாரா, உட்கார முடியாமல் நின்றாரா? ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டவரிடம் அந்த ராத்திரியின் பொறுப்பு வந்து சேரத்தான் வேண்டும். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். போகிற வழியில் பின் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் மருத்துவமனை வராந்தாவில் இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். சாரின் இடது கண்ணில் கட்டு. தம்பி கையில் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். அக்கா உடனே பக்கத்தில் போகவில்லை, தூண் ஓரமாகக் கொஞ்சம் நின்றார். ஏதோ வாக்குவாதம். வலதா இடதா என்று டாக்டர் கேட்டபோது தம்பி தப்பாகச் சொல்லிவிட்டாராம்.

"எதிர்ல நின்னு பாத்தா உன் இடது எனக்கு வலதுதான?"

"கண்ணு என்னோடதுடா. என் பக்கத்துலேர்ந்து சொல்லணும்."

"அவங்க சரியாத்தான செஞ்சிருக்காங்க?"

"அதுக்கு நீயா காரணம்?"

அக்கா அருகே போனதும் தம்பி எழுந்தார். சொல்ல ஏதோ இருந்தது, ஆனால் அதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "நாளைக்குக் கட்டுப் பிரிக்கணுமாம்," என்றார் கடைசியில். "கடைய மச்சான் பாத்துக்குவான், சொல்லிட்டேன். உங்க வண்டி வருமா?"

"வரும்."

"அவருக்கு மட்டுமா?"

"அறுபத்தஞ்சு தாண்டினவங்களத்தான் ஏத்துவோம். சிஸ்டரோட சட்டம்."

"எனக்கு அறுபத்திமூணு."

"அறுபத்திநாலு," என்றார் சார் பெஞ்சிலிருந்து. "நீ பொறந்தப்ப நான் ரெண்டாம் வகுப்பு. கணக்குப் போட்டுப் பாரு."

தம்பி கணக்குப் போட்டுப் பார்த்தார். போட்டது முகத்தில் தெரிந்தது.

"இன்னும் ஒரு வருஷம் இருக்கு," என்றார் அக்கா. "அதுவரைக்கும் துணைக்கு வர்றவர்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்குங்க," என்றார். பிஸ்கட் பொட்டலத்தைச் சட்டைப்பையில் திணித்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"கையக் குடு. ரெண்டு படி இருக்கு."